ஆயிரம் வாட்டை வீட்டில் எரிப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

பெரிய வாட் பல்புகள், அவற்றோடு வீட்டுச் சாதனங்களை இணைத்துச் செய்யும் சோதனைகள் ஆகியவை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்கள். கணக்குகள் அனைத்தும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானவை.

கேள்வி: 1000 வாட் ஹாலஜன் பல்பை மல்ட்டிமீட்டரில் அளந்தேன். 3.5 ஓம் காட்டுகிறது. ஓம் விதிப்படி பார்த்தால் அது 15,000 வாட் பல்பாக அல்லவா இருக்க வேண்டும்? மீட்டர் தவறா, பல்பு தவறா?

இரண்டுமே சரிதான். நீங்கள் அளந்தது குளிர்ந்த இழையை. டங்ஸ்டனின் மின்தடை வெப்பத்தோடு ஏறிக்கொண்டே போகும். அறை வெப்பநிலையில் இருப்பதைப் போல ஏறத்தாழ 15 மடங்கு தடை, எரியும்போது (2,800 முதல் 3,000 கெல்வின் வரை) இருக்கும். எரியும் 1000 வாட் பல்பு 4.35 ஆம்பியர் இழுக்கிறது. அப்போது அதன் தடை 53 ஓம். அதை 15-ஆல் வகுத்தால் உங்கள் மீட்டர் காட்டிய 3.5 ஓம் வந்துவிடும்.

பெரிய பல்பை வைத்துச் சோதனை செய்பவர்கள் சந்திக்கும் தொல்லைகளில் பாதி இந்த ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. சுவிட்சைப் போடும் கணத்தில் பல்பு இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது. மின்னழுத்த அலை அதன் உச்சியான 325 வோல்ட்டில் இருக்கும்போது தொடர்பு ஏற்பட்டால், 325-ஐ 3.5-ஆல் வகுத்துப் பாருங்கள்: 93 ஆம்பியர். ஒயரின் தடை இதைக் கொஞ்சம் குறைக்கும். பத்தில் ஒரு நொடிக்குள் இழை சூடாகி மின்னோட்டம் பெரும்பாலும் இறங்கிவிடும். அதற்குள் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் இணைப்பைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடுவதுதான் பலர் பார்க்கும் காட்சி.

கேள்வி: அப்படித்தான் ஆகிறது. 6 ஆம்பியர் எம்.சி.பி. சில நேரம் தாங்குகிறது, சில நேரம் விழுகிறது. 32 ஆம்பியருக்கு மாற்றிவிடலாமா?

கூடாது. எம்.சி.பி. காப்பது பல்பை அல்ல, சுவருக்குள் ஓடும் ஒயரை. 1.5 சதுர மி.மீ. ஒயருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டால், ஒயர் உருகும்வரை எம்.சி.பி. சும்மா இருக்கும்.

சில நேரம் மட்டும் விழுவதற்குக் காரணம், அலையின் எந்தப் புள்ளியில் நீங்கள் சுவிட்சைப் போடுகிறீர்கள் என்பது. சுழியை ஒட்டிப் போட்டால் தப்பிக்கிறது, உச்சியில் போட்டால் விழுகிறது. ‘பி’ வகை எம்.சி.பி. தன் அளவைப் போல 3 முதல் 5 மடங்கிலும், ‘சி’ வகை 5 முதல் 10 மடங்கிலும், ‘டி’ வகை 10 முதல் 20 மடங்கிலும் உடனடியாக விழும். 6 ஆம்பியர் ‘சி’ என்றால் 30 முதல் 60 ஆம்பியர் வரை. 93-க்கு அது போதாது. ஒயர் 16 ஆம்பியரைத் தாங்கும் தனி இணைப்பாக இருந்தால் 16 ஆம்பியர் ‘சி’ போடலாம். அதைவிட நல்ல வழி, தொடக்க மின்னோட்டத்தையே அடக்குவது. அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது என்.டி.சி. தெர்மிஸ்டர். குளிரில் 5 ஓம், 7 ஆம்பியர் தாங்கும், 20 மி.மீ. விட்டமுள்ள வட்டு ஒன்றைப் பல்போடு தொடராக (சீரிஸில்) சேர்க்கவும். மொத்தத் தடை 8.5 ஓம் ஆகி, உச்ச மின்னோட்டம் 93-லிருந்து 38 ஆம்பியருக்கு இறங்கும். பிறகு தெர்மிஸ்டர் தானே சூடாகித் தன் தடையைக் குறைத்துக்கொண்டு வழிவிடும். இதில் தவறுவது எங்கே? வேலை செய்யும்போது அந்த வட்டு 150 டிகிரிக்கு மேல் சூடாகலாம். பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒட்டி வைத்தாலோ, இன்சுலேஷன் டேப் சுற்றினாலோ டேப் கருகும். பீங்கான் கனெக்டரில், கால்களை நீளமாக விட்டு, காற்றோட்டமான இடத்தில் பொருத்துங்கள். இன்னொன்றும் உண்டு. பல்பை அணைத்து உடனே மறுபடி போட்டால் பலன் இல்லை. இழை சில நொடிகளில் ஆறிவிடும். வட்டு ஆற ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். சூடான வட்டு தடுக்காது, எம்.சி.பி. மறுபடி விழும்.

இரண்டாவது வழிக்கு வீட்டில் இருக்கும் ஹீட்டரே போதும். 1500 வாட் ஹீட்டர் காயிலின் தடை 35 ஓம். சூட்டிலும் குளிரிலும் அது சில சதவீதமே மாறும். அதை 1000 வாட் பல்போடு தொடராகச் சேர்த்தால் தொடக்க உச்சம் 8.4 ஆம்பியர்தான். சில நொடிகளில் பல்பின்மீது ஏறத்தாழ 125 வோல்ட் நிலைகொள்ளும். அது மங்கிய மஞ்சளாக, முழு ஒளியில் எட்டில் ஒரு பங்கோடு எரியும். இப்போது ஹீட்டருக்குக் குறுக்கே வைத்த 16 ஆம்பியர் சுவிட்சைப் போட்டு அதைத் தாண்டவிடுங்கள். சூடேறிய இழையின் தடை இதற்குள் 41 ஓம் ஆகியிருக்கும். இரண்டாவது உச்சமும் 8 ஆம்பியரைத் தாண்டாது. எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். பாகங்கள் குறைவு, என்ன நடக்கிறது என்பது கண்ணுக்கும் தெரிகிறது.

விசிறி உள்ள ஹீட்டர் இதற்கு ஆகாது. விசிறி போதிய வேகத்தில் சுற்றாது. அயர்ன் பாக்ஸ் வைத்தால் அதன் தெர்மோஸ்டாட் நடுவில் வெட்டும். தண்ணீர் சூடாக்கும் கம்பியைத் தண்ணீருக்கு வெளியே ஒருபோதும் இணைக்காதீர்கள். 300 வாட் அளவே அதில் பாய்ந்தாலும், தண்ணீர் இல்லாமல் அதன் உறை கண்டபடி சூடேறும்.

கேள்வி: 1000 வாட் பல்பையும் 60 வாட் பல்பையும் தொடராக இணைத்தேன். 60 வாட் பளிச்சென்று எரிகிறது, 1000 வாட் எரியவே இல்லை. பெரியதுதானே அதிகம் எரிய வேண்டும்?

தொடர் இணைப்பில் இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். 60 வாட் பல்பு சூட்டில் 880 ஓம். அது விடுவது 0.26 ஆம்பியர் மட்டும். அந்த அளவுக்கு 1000 வாட் இழை வெதுவெதுப்புக்கூட ஆகாது, 3.5 ஓமிலேயே நின்றுவிடும். அதன்மீது விழுவது 1 வோல்ட்டுக்கும் குறைவு. மீதி 229 வோல்ட்டும் சின்ன பல்புக்கே.

கேள்வி: பழுதுபார்க்கும் சாதனங்களைச் சோதிக்க சீரிஸ் போர்டு செய்ய விரும்புகிறேன். எத்தனை வாட் பல்பு? எப்படி இணைப்பது? அது காட்டுவதை எப்படிப் புரிந்துகொள்வது?

முந்தைய கேள்வியில் சொன்னதே இங்கே கருவியாக மாறுகிறது. சோதிக்கும் சாதனத்தோடு ஒரு பல்பைத் தொடராக வைப்பதுதான் சீரிஸ் போர்டு. சாதனத்துக்குள் ஷார்ட் இருந்தால் முழு மின்னழுத்தமும் பல்பின்மீது விழும்; பல்பு முழு ஒளியில் எரியும்; ஃபியூஸ் போகாது, சாதனம் புகையாது. ஷார்ட் இல்லையென்றால் பல்பு மங்கலாகவோ இருட்டாகவோ இருக்கும்.

தேவையானவை: மின்கடத்தாப் பலகை அல்லது பெட்டி, 2 பீங்கான் ஹோல்டர், 2 சுவிட்ச், மூன்று துளை சாக்கெட் 1, 5 ஆம்பியர் ஃபியூஸ், மூன்று இழை கொண்ட 1.5 சதுர மி.மீ. ஒயர், பிளக். ஃபேஸ் ஒயர் முதலில் ஃபியூஸுக்குப் போகட்டும். அங்கிருந்து இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையிலும் ஒரு சுவிட்ச், ஒரு ஹோல்டர். இரண்டு ஹோல்டர்களின் மறுமுனையையும் ஒன்றாக்கி சாக்கெட்டின் ஃபேஸ் துளைக்குக் கொடுங்கள். நியூட்ரலும் எர்த்தும் நேராக சாக்கெட்டுக்கு. ஒரு ஹோல்டரில் 60, மற்றதில் 200 வாட் போட்டால், சுவிட்சுகளைக் கொண்டு 60, 200, 260 என்று மூன்று நிலைகள் கிடைக்கும். பல்பைத் தாண்டவிடும் சுவிட்ச் ஒன்றைச் சிலர் சேர்ப்பதுண்டு. வேண்டாம். கை தவறிப் பட்டால் போர்டின் பயனே போய்விடும்.

பல்பு இழை உள்ளதாக இருக்க வேண்டும்; சாதாரண குண்டு பல்பு, அல்லது அதே வடிவில் வரும் ஹாலஜன். எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு உதவவே உதவாது. இழையின் தடை மின்னோட்டத்தோடு ஏறுவதுதான் இங்கே நமக்குப் பாதுகாப்பு.

50 வாட்டுக்குள் இழுக்கும் சாதனங்களுக்கு 60 வாட் பல்பு, டி.வி., ஆம்ப்ளிஃபயருக்கு 100. மிக்ஸி போன்ற மோட்டார்களுக்கு 200. பல்பு மிகப் பெரிதானால் பாதி ஷார்ட்டை மறைத்துவிடும். மிகச் சிறிதானால் நல்ல சாதனத்தையும் தொடங்கவிடாது.

பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் நல்ல அறிகுறி: உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் நிரம்பியிருக்கிறது. விட்டு விட்டு மின்னினால் சாதனத்தின் பவர் சப்ளை தொடங்க முயன்று தோற்கிறது. பெரிய பல்புக்கு மாறிப் பாருங்கள். அப்போதும் மின்னினால் பவர் சப்ளையின் வெளியீட்டுப் பக்கத்தில் ஷார்ட்டைத் தேடலாம். பல்பு துளியும் எரியவில்லை என்றால் ஒயர், சுவிட்ச், வெப்ப ஃபியூஸ் இவற்றில் ஏதோ அறுந்திருக்கலாம். ஆனால் 5 வாட் சார்ஜர் போன்றவை நல்ல நிலையில் இருந்தாலும் பல்பு எரியாது, அவ்வளவு குறைவாகத்தான் அவை இழுக்கும்.

புதிதாகத் தொடங்குபவர்களை ஏமாற்றுவது வெப்பச் சாதனங்கள். நல்ல 1000 வாட் அயர்ன் பாக்ஸின் தடை 53 ஓம். 100 வாட் பல்பு சூட்டில் 529 ஓம். பல்பு கிட்டத்தட்ட முழுமையாக எரியும். அதைப் பார்த்து ‘ஷார்ட்’ என்று முடிவுகட்டி நல்ல காயிலைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அயர்ன், கெட்டில், ஹீட்டருக்கு மல்ட்டிமீட்டர்தான் சரி: 52,900-ஐ வாட்டால் வகுத்தால் வரவேண்டிய ஓம் கிடைக்கும்.

மைக்ரோவேவ் அவனும் அப்படியே. நல்ல அவனுக்கும் பல்பு பிரகாசமாக எரியும். அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது. ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் குறைந்த மின்னழுத்தத்தில் சுழலாமல் உறுமிக்கொண்டே நிற்கும். சில நொடிகளுக்கு மேல் விடாதீர்கள், காயில் சூடேறும்.

இனி, இந்த போர்டு செய்யாத வேலையைச் சொல்லியே ஆகவேண்டும். இது சாதனத்தைக் காக்கும், உங்களைக் காக்காது. 200 வாட் பல்பு 0.87 ஆம்பியரை விடும். உயிரைப் பறிக்க அதில் பத்தில் ஒரு பங்கே போதும். சாதனத்தின் உலோக உடலில் மின்சாரம் கசிகிறதா என்பதையும் இது காட்டாது. அதற்கு 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனின் தடையை அளக்கும் கருவி) கொண்டு, ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்த முனைக்கும் எர்த்துக்கும் இடையே அளக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் அந்தச் சாதனம் பயன்படுத்தத் தகுதியற்றது. போர்டுக்கு முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (ஃபேஸிலும் நியூட்ரலிலும் ஓடும் மின்னோட்டம் சமமாக இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கட்டும். திறந்த சாதனத்துக்குள் கை வைக்கும் முன் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே கழற்றுங்கள்.

கேள்வி: 120 வோல்ட், 1000 வாட் ஸ்டூடியோ பல்பு ஒன்று கிடைத்தது. 230-இல் கொடுத்தால் எவ்வளவு ஒளி வரும்? சாதாரண 230 வோல்ட் பல்பை ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் 270-க்கு ஏற்றினால்?

இரண்டாவதை முதலில் பார்ப்போம். இழை பல்புகளில் ஒளி, மின்னழுத்தத்தின் 3.4 அடுக்கில் ஏறும், வாட் 1.6 அடுக்கில் ஏறும். ஆயுள் ஏறத்தாழ 13 அடுக்கில் இறங்கும். 270 வோல்ட் என்பது 17 சதவீதக் கூடுதல். ஒளி 1.7 மடங்கு, மின்சாரம் 1.3 மடங்கு, ஆயுள் எட்டில் ஒன்று. 1000 மணி நேரப் பல்பு 120 மணி நேரத்தில் முடியும். 1000 வாட் பல்பு 1,290 வாட் உமிழும் என்பதால் ஹோல்டரும் ஒயரும் அதற்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். புகைப்படக் கலைஞர்கள் ஒருகாலத்தில் பயன்படுத்திய ஃபோட்டோஃபிளட் பல்புகள் இந்த உத்தியில் செய்யப்பட்டவையே. இழையை வேண்டுமென்றே அதிக வெப்பத்தில் ஓட்டி, சில மணி நேர ஆயுளுக்கு ஈடாக வெண்மையான ஒளியைப் பெற்றார்கள். ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் மின்சாரத்தைப் பிரித்துத் தனியாக்காது என்பதை மறக்க வேண்டாம். அதன் வெளியீட்டைத் தொடுவது மெயின் லைனைத் தொடுவதுதான்.

120 வோல்ட் பல்பை நேரடியாக 230-க்குக் கொடுத்தால் மேலே சொன்ன அடுக்குக் கணக்குகள் செல்லாது. இழையின் வெப்பம் டங்ஸ்டனின் உருகுநிலையான 3,422 டிகிரி செல்சியஸை நெருங்கும். கண் கூசும் ஒரு வெடிப்பொளி, பிறகு இழை அறுந்து உள்ளே ஆர்க் பிடிக்கும். சூடான ஹாலஜன் பல்பின் உள்ளழுத்தம் பல வளிமண்டல அளவு. குவார்ட்ஸ் குழாய் சிதறக்கூடும்.

சரியான வழி: ஒரே வகை, ஒரே வாட் கொண்ட இரண்டு 120 வோல்ட் பல்புகளைத் தொடராக இணைப்பது. ஒவ்வொன்றுக்கும் 115 வோல்ட் கிடைக்கும். ஒன்று அறுந்தால் இரண்டும் அணையும், ஆபத்தில்லை. 1000 வாட்டோடு 500 வாட்டைச் சேர்க்கக் கூடாது. சிறியதன்மீது மின்னழுத்தம் குவிந்து அது போய்விடும்.

கேள்வி: 500 வாட் பல்பை சாதாரண ஹோல்டரில் போட்டேன். அரை மணி நேரத்தில் ஹோல்டர் நாற்றமடித்தது. பல்பைச் சுற்றி எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

சாதாரண பேக்கலைட் ஹோல்டரை 100 வாட்டோடு நிறுத்துங்கள். 300-க்கு மேல் பீங்கான் ஹோல்டர், பெரிய திருகு அடியுள்ள பல்புகள்தான். ஹோல்டரிலிருந்து வெளிவரும் முதல் அரை மீட்டர் ஒயர், சிலிகான் அல்லது கண்ணாடி இழை உறையுள்ளதாக இருக்கட்டும். பி.வி.சி. உறை 70 டிகிரிக்குத்தான் தாங்கும்.

இடைவெளிக்கு ஒரு கணக்கு. இழை பல்பு தனக்குக் கிடைக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைக் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிராகவே வெளியிடுகிறது. 1000 வாட் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவினால், 1 மீட்டர் தொலைவில் சதுர மீட்டருக்கு 80 வாட். 10 செ.மீ. தொலைவில் அதுவே 8,000 வாட், அதாவது உச்சிவெயிலைப் போல 8 மடங்கு. பின்னால் பிரதிபலிப்பான் இருந்தால் முன்பக்கம் இன்னும் கூடும். ஆகவே திரைச்சீலை, காகிதம், மரம் எதுவும் ஒளி விழும் பக்கத்தில் ஒன்றரை மீட்டருக்குள் வேண்டாம். பல்பை அணைத்தபின் 15 நிமிடமாவது தொடாதீர்கள்.

எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருளாக விட்டு எரிப்பதும் அடிக்கடி நடக்கும் தவறு. 1 சதுர மி.மீ. ஒயர் 10 மீட்டரில், போக வர 0.36 ஓம். 2000 வாட் இழுத்தால் 27 வாட் அந்த ஒயரிலேயே வெப்பமாகிறது. நீட்டிவிட்டால் காற்றில் கலந்துவிடும். சுருளுக்குள் சிக்கினால் உறை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: நீள ஹாலஜன் குழல் (1000 வாட்) மாதம் ஒன்று போகிறது. ஒருமுறை வெள்ளையாகப் புடைத்தும் இருந்தது.

புடைப்புக்குக் காரணம் விரல். வியர்வையிலுள்ள உப்பு, சூட்டில் குவார்ட்ஸைப் படிகமாக்கி வெளுக்க வைக்கும். அந்த இடம் பலவீனமாகிப் புடைக்கும். துணியால் பிடித்து மாட்டுங்கள். கை பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, உலர்ந்தபின் போடுங்கள்.

ஆயுள் குறைவதற்கு இரண்டு இடங்களைப் பாருங்கள். குழல் கிடைமட்டமாக இருக்க வேண்டும். சாய்வு 4 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. சாய்ந்தால் உள்ளிருக்கும் ஹாலஜன் வாயு ஒரு முனையில் சேர்ந்து, மறுமுனை கறுக்கும். மற்றொன்று, இரு முனைகளிலும் உள்ள ஸ்பிரிங் தொடர்பு. தளர்ந்திருந்தால் அங்கே பொறி பறந்து, முனையில் பதிந்திருக்கும் மாலிப்டினத் தகடு 350 டிகிரியைத் தாண்டும்; காற்று பட்டு ஆக்ஸைடாகி வெடிப்பு விடும். தொடர்புத் தகடு குழிவிழுந்திருந்தால் ஃபிட்டிங்கையே மாற்றுங்கள், புதுக் குழலும் அதே வழியில் போகும். 1000 வாட் குழலின் நீளம் 189 மி.மீ., 500 வாட் 118 மி.மீ., 1500 வாட் 254 மி.மீ. ஸ்பிரிங்கை நெளித்து நீளம் பொருந்தாத குழலை நுழைப்பதும் இந்தத் தளர்வுக்கு ஒரு காரணம். முன் கண்ணாடி இல்லாமல் எரிக்காதீர்கள். அது சிதறலைத் தடுக்கிறது. குவார்ட்ஸ் தாண்டிவரும் புற ஊதாக் கதிரையும் வடிகட்டுகிறது.

கேள்வி: 400 வாட் மெர்குரி பல்பை சோக் இல்லாமல், 1800 வாட் ஹீட்டரைத் தொடராக வைத்து எரிக்கலாமா?

கணக்குப் போட்டால் பொருந்துவது போலத் தோன்றும். எரியும் மெர்குரி பல்பின் மீது 135 வோல்ட், 3.25 ஆம்பியர், மீதி 95 வோல்ட்டைத் தாங்க 29 ஓம், அதாவது 1800 வாட் ஹீட்டர். நடைமுறையில் இரண்டு இடங்களில் இடிக்கும். தொடக்கத்தில் பல்பின் மீது 20 வோல்ட்தான் இருக்கும் என்பதால் 7 ஆம்பியர் பாயும். சோக் இருந்தால் அது 5.5 ஆம்பியர் அளவில் நிற்கும். மின்முனைகள் சீக்கிரம் தேயும். அடுத்தது, ஒவ்வொரு நொடியும் 100 முறை மின்னோட்டம் சுழியைக் கடக்கிறது. சோக் உள்ள சுற்றில் மின்னோட்டம் சுழியாகும் நேரத்தில் மின்னழுத்தம் உயர்ந்து நிற்பதால் ஆர்க் உடனே மறுபடி பிடிக்கும். ஹீட்டரில் இரண்டும் ஒன்றாகச் சுழியாகும். ஆர்க் ஆறி, பல்பு துடித்து அணையும். அணைந்தால் அழுத்தம் இறங்கும்வரை 5 முதல் 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். இத்தனைக்கும் மேல் 300 வாட் ஹீட்டரில் வீண். சோக்கே வாங்குங்கள். அதோடு 25 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை லைனுக்குக் குறுக்கே போட்டால் பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்னோட்டத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 0.57-லிருந்து 0.9-க்கு ஏறும்.

எதுவுமே இல்லாமல் நேரடியாக இணைத்தால் மின்னோட்டத்துக்கு எல்லை கிடையாது, பல்பு வெடிக்கும்.

வெளிக் கண்ணாடி உடைந்தும் உள்குழல் எரிந்துகொண்டிருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அந்தக் கண்ணாடிதான் புற ஊதாக் கதிரைத் தடுத்துக்கொண்டிருந்தது. அது இல்லாமல் சில நிமிடம் அருகில் நின்றாலே, சில மணி நேரம் கழித்து கண்ணில் மணல் கொட்டியது போல் வலி எடுக்கும்.

கேள்வி: பல்போடு ஒரு டயோடு சேர்த்தால் பாதி மின்சாரம் மிச்சமாகுமா?

பாதிதான் என்று சொல்ல முடியாது. மின்னழுத்தம் 163 வோல்ட்டாகக் குறையும்; இழை ஆறுவதால் தடையும் குறைந்து, வாட் 57 சதவீதத்தில் நிற்கும். ஒளியோ 31 சதவீதம்தான். ஆயுள் மிக நீளும் என்பதே இதன் லாபம். 100 வாட்டுக்கு 1 ஆம்பியர் டயோடு போதும். 1000 வாட்டுக்கு 6 ஆம்பியர், 1000 வோல்ட் டயோடு. இதை மின்விசிறி, டிரான்ஸ்ஃபார்மர், சோக் எதற்கும் செய்யாதீர்கள். ஒரே திசை மின்னோட்டம் இரும்பு மையத்தைத் திகட்ட வைத்து, காயிலைக் கருக்கிவிடும்.

கேள்வி: மைக்ரோவேவ் அவனுக்குள் பல்பை வைத்தால் ஒயர் இல்லாமலேயே எரிகிறதாமே? பழைய அவனின் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து மரத்தில் மின்னல் வடிவம் எரிக்கவும் ஆசை.

பல்பு எரிவது உண்மை. 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையை இழை ஆன்டெனா போல வாங்கிக்கொள்கிறது. உள்ளிருக்கும் வாயுவும் ஒளிரும். சில நொடிகளில் கண்ணாடி உருகித் துளைபடும் அல்லது வெடிக்கும். உறிஞ்சத் தண்ணீர் இல்லாத அவனில் அலை திரும்பிச் சென்று, அந்த அலையை உருவாக்கும் பாகமான மேக்னட்ரானையும் கெடுக்கும்.

டிரான்ஸ்ஃபார்மர் விஷயத்தில் பதில் ஒன்றே: செய்யாதீர்கள். அது 2,000 வோல்ட்டைச் சில நூறு மில்லி ஆம்பியரோடு தரும். இரண்டாம் சுற்றிலிருந்து உங்கள் உடல் வழியாக மின்சாரம் பாய்ந்தாலும், மெயின் பக்கத்து ஃபேஸ், நியூட்ரல் சமநிலை கெடாததால் ஆர்.சி.சி.பி. விழாது. மரத்தில் இப்படி வடிவம் எரித்தவர்களில் பலர், அனுபவமுள்ளவர்கள் உட்பட, இறந்திருக்கிறார்கள். அமெரிக்க மரக்கடைசல் கலைஞர்களின் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இதைத் தடைசெய்திருக்கிறது. கையுறை, ரப்பர் பாய் எதுவும் இந்த மின்னழுத்தத்தில் நம்பத்தக்கதல்ல. அவனைத் திறப்பதே ஆபத்து. பிளக்கைக் கழற்றிய பின்னும் அதன் கெப்பாசிட்டர் உயிரைப் பறிக்கும் அளவு மின்னேற்றத்தோடு இருக்கலாம்.

கேள்வி: வாஷிங் மெஷினிலிருந்து கழற்றிய கார்பன் பிரஷ் மோட்டாரை நேரடியாக இணைத்துப் பார்க்கலாமா?

சுமை இல்லாமல் முழு மின்னழுத்தம் கொடுத்தால் இந்த வகை மோட்டார் வேகத்துக்கு எல்லை வைத்துக்கொள்ளாது. கம்யூடேட்டர் (பிரஷ் உரசும் செம்பு வளையம்) துண்டுகள் பிய்ந்து பறக்கும் அளவுக்கு ஏறக்கூடும். மரப்பலகையில் நான்கு போல்ட் போட்டு இறுக்கியபின், சீரிஸ் போர்டில் 200 வாட் பல்போடு தொடங்குங்கள். ஃபீல்டு காயிலும் (அசையாமல் நிற்கும் சுற்று) ஆர்மேச்சரும் (சுழலும் சுற்று) தொடராக வர வேண்டும்: ஃபேஸ் ஃபீல்டில் நுழைந்து, வெளிவந்து, ஒரு பிரஷ் வழியே போய், மறு பிரஷிலிருந்து நியூட்ரலுக்கு. திசையை மாற்ற இரண்டு பிரஷ் ஒயர்களை மட்டும் இடம் மாற்றினால் போதும். பல்பு முதலில் பிரகாசித்து, மோட்டார் வேகமெடுக்க எடுக்க மங்கினால் மோட்டார் நலம். பிரகாசம் குறையாமல் மோட்டார் அசையாமல் நின்றால் பேரிங் இறுகியிருக்கிறதா என்று கையால் சுழற்றிப் பாருங்கள். பிறகு ஆர்மேச்சரைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: 100 வாட் எல்.இ.டி. சிப்பை அலுமினியத் தகட்டில் ஒட்டி 34 வோல்ட் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் போய்விட்டது.

இரண்டு தவறுகள் சேர்ந்திருக்கின்றன. 100 வாட்டில் 60 வாட்டுக்கு மேல் சிப்பிலேயே வெப்பமாகிறது, தகடு போதாது. ஒரு வாட்டுக்கு அரை டிகிரிக்கு மேல் ஏறாத, துடுப்புகளும் விசிறியும் உள்ள ஹீட் சிங்க் தேவை. அப்போதும் அது அறையைவிட 30 டிகிரி கூடுதலாக இருக்கும். பேஸ்ட் மெல்லிய படலமாக இருக்கட்டும். கெட்டியாகப் பூசினால் அதுவே வெப்பத்துக்குத் தடை. நான்கு திருகுகளையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், ஒரே மூலையில் இறுக்கினால் சிப் வளையும்.

அடுத்தது, மாறா மின்னழுத்தம் கொடுத்தது. சூடாக ஆக எல்.இ.டி.க்குத் தேவைப்படும் மின்னழுத்தம் இறங்கும். 34-ஐ விடாமல் கொடுத்தால் மின்னோட்டம் ஏறும், சூடும் கூடும், அதனால் மின்னோட்டம் இன்னும் ஏறும். 3 ஆம்பியர் மாறா மின்னோட்ட டிரைவர் வாங்கி, முதலில் 1 ஆம்பியரில் 10 நிமிடம் ஓட்டி, ஹீட் சிங்க்கின் சூட்டைப் பார்த்தபின் ஏற்றுங்கள்.

கேள்வி: இழை பல்பில் எவ்வளவு பெரியது வரை உண்டு?

படப்பிடிப்பு விளக்குகளில் 10,000, 20,000 வாட் உண்டு. 20,000 வாட்டுக்கு 87 ஆம்பியர் வேண்டும். அவற்றை டிம்மர் வழியே மெதுவாக ஏற்றித்தான் எரிப்பார்கள், காரணம் முதல் கேள்வியில் பார்த்ததுதான். 1954-இல், எடிசன் பல்பின் 75-ஆம் ஆண்டையொட்டி ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 75,000 வாட் பல்பு ஒன்றைச் செய்தது. ஒற்றை ஃபேஸ் வீட்டு இணைப்பில், தனி 16 ஆம்பியர் லைனில் 2000 வாட்தான் நிம்மதியான எல்லை. அதற்கு மேல் வேண்டுமானால் பல்புகளை வெவ்வேறு லைன்களில் பிரித்துப் போட்டு, ஒன்று நிலைத்தபின் மற்றதைப் போடுங்கள்.